தேயிலைக்குள் விழுந்த ராக்கெட்டை எப்படித் தேடி எடுத்தீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:

எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் ராக்கெட் விடுகிறோம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பில் 60 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று, அவ்வளவுதான். ஏறுவதில் குறையே இல்லை. பாராசூட் விரிந்தபிறகுதான் பாடு. காற்று அப்படியே பள்ளத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

முதல் வருஷம் மூன்று ராக்கெட்டைத் தேயிலைக்குள் தொலைத்தோம். மேலே நின்று பார்த்தால் செடிகள் மேசை போட்ட மாதிரி சமமாக இருக்கும். பாட்டில் நழுவி அடியில் போய்விட்டால் அடுத்த வரிசையில் நின்றாலும் கண்ணில் படாது. இரண்டு வாரம் உட்கார்ந்து இறக்கை வெட்டி ஒட்டிய பையன் வெறுங்கையோடு மேடேறி வந்ததைப் பார்த்த அன்றுதான் பஸ்ஸர் வைப்பது என்று முடிவெடுத்தேன்.

முதலில் வைத்தது ஒரே மூச்சாகக் கத்தும் பஸ்ஸர். சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கம் என்றுதான் பிடிபடவில்லை. குறைந்த அதிர்வெண் என்றால் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத் திசை தெரிந்துவிடும். மிக அதிகம் என்றால் தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறையும், அதை வைத்துத் தெரியும். இந்தச் சின்ன பீசோ பஸ்ஸர்கள் (மின்சாரத்தில் அதிரும் தகடு வைத்தவை) பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் கத்துகின்றன. இரண்டு வழியும் சரியாக உதவாத இடம் அது. விட்டு விட்டு ஒலித்தால் ஒவ்வொரு முறை சத்தம் தொடங்கும்போதும் காதுக்கு ஒரு புது வாய்ப்பு கிடைக்கிறது.

அதற்கு 555 ஐசி போதும், நேரம் பார்த்து விட்டு விட்டு மின்சாரம் கொடுக்கும் எட்டுக் கால் சிப் அது. பிளஸ்ஸிலிருந்து 7ஆம் காலுக்கு 220 கிலோ ஓம். 7இலிருந்து 6க்கு 47 கிலோ ஓம். 6ஐயும் 2ஐயும் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 4, 8 பிளஸ்ஸுக்கு, 1 மைனஸுக்கு. பஸ்ஸரின் பிளஸ் முனை பேட்டரி பிளஸ்ஸில், மைனஸ் முனை 3ஆம் காலில். 3க்கும் மைனஸுக்கும் நடுவே கொடுக்காமல் இப்படி மாற்றிக் கொடுத்தால் 0.3 நொடி கத்தும், 1.9 நொடி போல சும்மா இருக்கும். பேட்டரியும் நீடிக்கும். 9 வோல்ட் பேட்டரி மட்டுமே 45 கிராம் வரும், இந்த ராக்கெட்டுக்கு அது பாரம். 3 கிராம் எடையுள்ள சிஆர்2032 வட்ட பேட்டரி இரண்டை அடுக்கினால் 6 வோல்ட். ஐசி மட்டும் டிஎல்சி555 மாதிரி சிமாஸ் வகையாக வாங்குங்கள், கரண்ட் குறைவாக இழுக்கும்.

சுவிட்சுக்கு, பின்னைச் செருகினால் தொடர்பு விட்டுப்போகும் வகை ஹெட்ஃபோன் சாக்கெட். பின்னை மூக்குக் கூம்போடு நூலில் கட்டியிருக்கிறோம். கூம்பு கழன்றால் பின்னும் பிடுங்கிக்கொண்டு போகும், பஸ்ஸர் கத்தத் தொடங்கும்.

இதில் எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: பஸ்ஸரைப் பாட்டிலில் ஒட்டாமல் பாராசூட் கயிற்றில் கட்டுங்கள். பாட்டில் செடிக்கு அடியில் போனாலும் துணி மேலேயே சிக்கி நிற்கும், சத்தம் இலைக்குள் அமுங்காது.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, குளிரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜனவரியில் புல் மேல் உறைபனி கிடந்த ஒரு காலையில் எங்கள் பஸ்ஸர் முனகியதோடு சரி. குளிரில் வட்ட பேட்டரியின் உள்தடை கூடிவிடுகிறது. இப்போது விடுகிற நேரம் வரை பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறோம்.

இன்னொரு நாள் சீகை மரங்களுக்குள் போய் விழுந்தது. சத்தம் தெளிவாகக் கேட்கிறது, முப்பதடி கூட இருக்காது. பார்த்தால் நடுவில் ஒற்றைக் காட்டெருமை. பஸ்ஸர் கத்தும்போதெல்லாம் அதன் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. பையன்களைச் சத்தம் போடாமல் பின்னால் கூட்டி வந்துவிட்டேன். மறுநாள் காலை ஆள் நடமாட்டம் வந்தபிறகு போனோம், அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது. ராக்கெட் போனால் போகட்டும் என்று திரும்பி வரத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகளைத் தேட அனுப்பாதீர்கள்.

ஊட்டியிலிருந்து:

ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில், உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் முத்தோரை. 1970இலிருந்து அங்கே 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது, 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டு. நம் அலைவரிசை வேறுதான். இருந்தாலும் வீட்டில் கோர்த்த சர்க்யூட் வேறெங்கே கசியும் என்று யார் கண்டது? எனக்கு மனசு வரவில்லை, சத்தமே போதும் என்று விட்டுவிட்டேன்.

மூடுபனியில் நாங்கள் செய்வது இது: இரண்டு பேர் ஐம்பதடி தள்ளி நின்று, கண்ணை மூடி, சத்தம் வரும் பக்கம் கை நீட்ட வேண்டும். இரண்டு கையும் சந்திக்கும் இடத்துக்கு மூன்றாவது ஆள் போவார். தலையை மெல்லத் திருப்பிக்கொண்டே கேட்டால் இன்னும் துல்லியம்.

கோத்தகிரியிலிருந்து:

தம்பி சொன்ன காட்டெருமை விஷயத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன், நன்றி. போன வாரம் நாங்கள் தேடப் போவதற்குள் இலை பறிக்கிற அக்கா ஒருவர் ராக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “செடிக்குள்ள ஏதோ பூச்சி நின்னு நின்னு கத்துதுன்னு பார்த்தேன் சாமி, வயரைப் பார்த்ததும் பயந்துட்டேன்” என்றார். அன்று சாயங்காலமே எல்லாப் பாட்டிலிலும் பெயின்ட்டில் எழுதிவிட்டோம்: பிள்ளைகளின் தண்ணீர் ராக்கெட், பயப்பட ஒன்றுமில்லை.