டெரஸ் வீட்டைப் பாலர் பள்ளியாக மாற்றுகிறோம்: ஹாலைத் தடுக்கலாமா?

ஜெலுத்தோங் டீச்சர்:
வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மூலை டெரஸ் வீட்டை (வரிசை வீடுகளில் கடைசி வீடு) வாடகைக்கு எடுத்துப் பாலர் பள்ளி தொடங்கப் போகிறோம். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள். ஹாலை மூன்று வகுப்பாகத் தடுத்து, வாசலில் கார் நிறுத்தும் போர்ச்சை அடைத்து ஆபீஸ் ஆக்கலாம் என்கிறார் கட்டட வேலைக் குத்தகையாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு பிள்ளைகள் எங்கே விளையாடுவது?

பிளான் வரைபவர், பட்டர்வொர்த்:
டீச்சர், போர்ச்சை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும், மேலே கூரையும் பக்கத்தில் திறப்பும் உள்ள இடம்தான் மணல், தண்ணீர், சாயம் எல்லாவற்றுக்கும் தோது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையை, அதாவது அஞ்சடியைப் பாருங்கள், அதே கணக்குதான். வழுக்காத ஓடு போட்டு, தண்ணீர் கால்வாய்ப் பக்கம் ஓடும்படி சரிவு வையுங்கள். விளையாட்டுத் தொட்டியை அன்றாடம் கவிழ்த்துவிட வேண்டும், ஏடிஸ் கொசு வந்துவிடும்.

ஹாலைத் தடுக்க வேண்டாம். தோக்கியோ பக்கம் தாச்சிகாவாவில் 2007இல் கட்டிய ஃபூஜி பாலர் பள்ளியில் வகுப்புகளுக்கு இடையே சுவரே கிடையாது. முட்டை வடிவக் கூரைமேல் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கூரை நமக்குச் சரிவராது. ஆனால் சுவருக்குப் பதில் இரண்டடி அலமாரி வைக்கலாமே! தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது மறைப்பு, நிற்கும் டீச்சருக்கோ ஹால் முழுவதும் தெரியும். படிக்கட்டுக்கு அடியில் ஸ்டோர் கட்டாதீர்கள். பாய் விரித்து விடுங்கள், கூச்சப்படும் பிள்ளைக்கு ஒதுங்க ஓரிடம் வேண்டும்.

அப்புறம், குத்தகையாளரை ஒரு தடவை மண்டிபோட்டு அந்த ஹாலைப் பார்க்கச் சொல்லுங்கள். 4 வயதுப் பிள்ளையின் கண் ஏறக்குறைய மூன்றடி உயரத்தில்தான் இருக்கும். வீட்டுச் சன்னல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், வானத்தைத் தவிர என்ன தெரியும்? வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒரு சன்னலையாவது கீழே இறக்குங்கள்.

ஒரு தாய், ஆயர் ஈத்தாம்:
தடுப்பில்லாமல் இரைச்சல் தாங்குமா? என் மகன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான்.

பிளான் வரைபவர், பட்டர்வொர்த்:
நியாயமான கவலைதான், அக்கா. ஓட்டுத் தரையும் சிமெண்டுச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். சீலிங்கில் ஒலியை உறிஞ்சும் பலகை, கதை சொல்லும் மூலையில் கனமான பாய், இவை இரண்டும் இருந்தாலே நிறையத் தணியும். மேல்மாடியில் ஓர் அறையை அமைதிக்கென்று ஒதுக்க நினைத்தால், அதற்கு முன் பொம்பாவை (தீயணைப்புத் துறையை) கேளுங்கள்.

டீச்சர், இன்னொன்று. பழைய வீட்டில் எல்லாச் சன்னலுக்கும் இரும்புக் கிரில் அடித்திருப்பார்கள். தீப்பிடித்தால் பிள்ளைகளை வெளியேற்ற, சாவி தேடாமல் உள்ளிருந்தே திறக்கும் கிரில் வேண்டும். சாயம் பூசுவதற்கு முன்னால் அதை மாற்றிவிடுங்கள்.