பாமினியில் வந்த பாடக் குறிப்புகள்

உவர்மலையான்:
"பாடக் குறிப்புகளை மென்பிரதியாகவே தருகிறோமே, பிறகென்ன குறை?" என்று கேட்கும் விரிவுரையாளர்களுக்காக எழுதுகிறேன். எனக்குப் பார்வை இல்லை. கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானின் துணையோடு பட்டப்படிப்பை முடித்தவன். பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தமிழும் வாசிக்கும், குரல்தான் கொஞ்சம் இயந்திரம்.

முதலாம் ஆண்டில் கிடைத்த குறிப்புகளில் பெரும்பாலானவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். என் காதில் விழுந்ததோ 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி'. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. நம் ஊர் அலுவலக மேசைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளையும் பாமினி என்று எண்ணி அவை தமிழ் எழுத்துகளாக்கிவிடும். புள்ளிவிபரவியல் குறிப்பில் 'டேட்டா' இருந்த இடமெல்லாம் 'னயவய' ஆகிவிட்டது. சித்த மருத்துவம் படிக்கும் நண்பன் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன மூலிகை?" என்று கேட்டான்.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். இன்னும் மோசம். அது வெறும் படம். திரைவாசிப்பான் வாயே திறக்காது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு பிரித்தெடுத்துத் தரும். பழைய மாணவர்கள் அடிக்கோடிட்ட நிழற்பிரதியின் நிழற்பிரதி என்றால் அதுவும் கைவிரித்துவிடும்.

என்.சி. வீதித் தட்டச்சு:
தம்பி, விரிவுரையாளர்களுக்குத் தட்டச்சு செய்து கொடுக்கும் கடை என்னுடையது. பாமினி விசைமுறையிலேயே யுனிகோடில் எழுதும் கருவிகள் உண்டு. பழகிய விரலை மாற்றவே தேவையில்லை. இது தெரியாமல் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். பார்வையற்ற மாணவி ஒருவர் கடைக்கு வந்து இன்னொன்றும் சொன்னார்: தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கினால் போதாதாம். வேர்டில் உள்ள தலைப்புப் பாணியைக் கொடுத்தால்தான் திரைவாசிப்பானில் 'எச்' விசையை அழுத்தி ஒவ்வொரு தலைப்பாகத் தாவிச் செல்லலாமாம். இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தைத் தேட முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டு வரவேண்டும். இதற்கு நான் மேலதிகக் காசு வாங்குவதில்லை. வாங்குமளவுக்கு அதில் வேலையும் இல்லை.

பின்வரிசை:
எங்கள் பொருளியல் வகுப்பில் நடந்தது. சேர் பலகையைத் தொட்டு, "கேள்வி (தேவை) வளைகோடு இங்கிருந்து இங்கே நகர்கிறது" என்றார். முன்வரிசையில் இருந்த பார்வையற்ற நண்பன் எழுந்து, "சேர், இங்கே என்றால் எங்கே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, சேர் சிரிக்கவில்லை. "நிலைக்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் தொகை. கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குகிறது. நுகர்வோர் வருமானம் கூடினால் கோடு முழுவதும் வலப்பக்கம் பெயரும்" என்று திருத்திச் சொன்னார். வருமானம் கூடும்போது அதிகம் வாங்கப்படும் சாதாரண பண்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்று பிறகு நண்பனே சேருக்கு நினைவூட்டினான். அடுத்த வகுப்புக்கு அவர் மட்டையில் தடித்த நூலை ஒட்டி, விரலால் தடவிப் பார்க்கக்கூடிய வளைகோடுகளோடு வந்தார்.

பாலையூற்று அக்கா:
என் தங்கைக்குக் காது கேளாது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசும் விரிவுரையாளரின் முதுகிலிருந்து எதைப் படிப்பது? எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள், அவ்வளவே. காணொளிப் பாடங்களில் பேச்சைக் காட்டும் எழுத்து வரி இல்லையென்றால், பேசுவதற்கென்று தயாரித்த குறிப்பையாவது முன்கூட்டியே அனுப்பலாம்.

உவர்மலையான்:
அக்கா சொல்வதைக் கருணையாகக் கேட்கவேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென்று இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. கல்வியைப் பற்றிப் பேசுவது அதன் 24ஆம் உறுப்புரை. விண்ணப்பக் கடிதத்தில் இவற்றைக் குறிப்பிட்டபோது எனக்குப் பதில் விரைவாக வந்தது.

கணித விரிவுரையாளர்கள் யாராவது சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல், வேர்டின் சமன்பாட்டுக் கருவியிலேயே எழுதிக் கொடுக்கிறீர்களா? எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். பின்னம் வரும் இடங்களில்தான் நான் அதிகம் திண்டாடினேன்.