திராட்சை, ஒயின் முதுநிலைப் படிப்பு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எனக்குக் கம்பம் பக்கம். அப்பா பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறார். தோட்டக்கலையில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் சேர்ந்த முதுநிலைப் படிப்புக்கு முயல்கிறேன். வீட்டில் இதற்குச் ‘சாராயப் படிப்பு’ என்று பெயர்!

இரண்டு இடங்கள் மனதில் இருக்கின்றன. ஒன்று, பிரான்சின் மோன்பெலியேவில் வினிஃபெரா யூரோமாஸ்டர் என்ற முதுநிலைப் படிப்பு. முதல் ஆண்டு அங்கே, ஆங்கிலத்திலேயே; இரண்டாம் ஆண்டு வேறொரு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில். இன்னொன்று அமெரிக்காவில் கலிபோர்னியாவின் யூசி டேவிஸ் பல்கலைக்கழகம். அதற்குக் கரிம வேதியியல், உயிர்வேதியியல், கால்குலஸ் எல்லாம் முன்பே படித்திருக்க வேண்டும். நான் கால்குலஸ் பக்கம் போனது பிளஸ் டூவோடு சரி. அந்த ஒரு பாடத்தை மட்டும், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு முடிக்க விடுவார்களா?

மோன்பெலியேவில் பிரெஞ்சு தெரியாமல் அறுவடைக் காலப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா?

அப்புறம், என்னைக் குடைகிற சந்தேகம் இதுதான். அங்கே கொடி குளிரில் உறங்கும், வருடத்துக்கு ஒரே அறுவடை. எங்கள் ஊரில் கொடி உறங்குவதே இல்லை. கவாத்து செய்தால் (கிளைகளை வெட்டிவிட்டால்) சுமார் 4 மாதத்தில் பழம், ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அங்கே படிப்பது இங்கே எவ்வளவு கைகொடுக்கும்? நாசிக் ஒயின் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.