மறுமொழி: என்டெயில் – ‘வழிக்கட்டு’ எனலாமா?

> ‘பூர்வீகச் சொத்து’ என்றே போட்டுவிடலாமே? வாசகருக்குச் சட்டென்று புரியும்.

வணக்கம்.

என்டெயில் (entail) என்பது நிலம் ஒரே வாரிசு வழியில் மட்டும் போகும்படி கட்டிவைக்கும் ஆங்கிலச் சட்ட முறை. அதற்குப் ‘பூர்வீகச் சொத்து’ என்று போட்டால் சட்டென்று புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பூர்வீகச் சொத்து என்றதும் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு என்றுதான் நமக்குத் தோன்றும். 1810-களில் இங்கிலாந்து நிலக்கிழார் குடும்பங்களில் நிலைமை நேர் எதிர். நிலம் துண்டாகாமல் ஒருவருக்குப் பின் ஒருவரிடம் போக வேண்டும். ஆண்டு அனுபவிப்பவர் வாடகை, குத்தகைப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நிலத்தை விற்கவோ உயில் எழுதி வைக்கவோ முடியாது. நம் பத்திரங்களில் வரும் ‘தானாதி விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்ற அந்த உரிமைதான் அவருக்கு இல்லாதது. பத்திரத்தில் அனுமதி இல்லையென்றால் நல்ல ஓக் மரத்தை வெட்டி விற்றாலும் வழக்கு வரும்.

‘தலைமகன் உரிமை’யும் சரிவராது. அது உயில் இல்லாதபோது நிலம் மூத்த மகனுக்குச் சேரும் என்ற பொது விதி. உயில் எழுதி அதை மாற்றிவிடலாம். என்டெயிலை உயில் எழுதி மாற்ற முடியாது.

‘வழிக்கட்டு’ என்பது என் பரிந்துரை. ஆண்வழி, பெண்வழி என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதனால் ஆண் வாரிசுக்கு மட்டும் என்றால் ஆண்வழிக்கட்டு, மகன் இல்லாதபோது மகள்களுக்கும் வரலாம் என்றால் பொதுவழிக்கட்டு. இந்தப் பிரிவு கட்டாயம் வேண்டும். ஆண்வழிக்கட்டு உள்ள வீட்டில் மகன் இல்லாமல் அப்பா இறந்தால், எங்கோ இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா மகனுக்கு எல்லாம் போய்விடும். தாயும் மகள்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கட்டை உடைப்பதற்கும் சொல் தயாராகக் கிடைக்கிறது: கட்டறுப்பு. இதை நீதிமன்றத்தில் ஒரு நாடக வழக்காகவே நடத்தினார்கள். முன்பே பேசிவைத்தபடி ஒருவர் நிலத்துக்கு உரிமை கோருவார். எதிர்த்தரப்பு, ‘எனக்கு இந்த உரிமைக்குப் பொறுப்பேற்றவர் இவர்’ என்று கோர்ட் டவாலியைக் கைகாட்டும். டவாலி வெளியே போய்த் திரும்பி வராமல் இருந்துவிடுவார். தீர்ப்பு உரிமை கோரியவருக்கு, கட்டும் அறுந்துவிடும். 1833 சட்டம் வந்தபிறகுதான் இந்தச் சுற்றுவழி போய், ஒரு பத்திரம் எழுதிப் பதிந்தால் போதும் என்றானது.

அறுத்த கட்டைப் பெரும்பாலும் உடனே மறுபடி போட்டார்கள். மூத்த மகனுக்கு 21 வயதானதும், இல்லையென்றால் அவன் கல்யாணத்தின்போது, அப்பாவும் மகனும் சேர்ந்து கையெழுத்திடுவார்கள். மகனுக்கு அப்போதே ஆண்டுப்படி கிடைக்கும். பதிலுக்கு நிலம் அடுத்த தலைமுறைக்குக் கட்டப்படும். இளைய மகன்கள் ராணுவம், கடற்படை, திருச்சபை, வக்கீல் தொழில் என்று போக, அவர்களுக்கும் மகள்களுக்கும் சேர வேண்டிய தொகையையும் அதே பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். எனவே ‘மறுகட்டு’ என்ற சொல்லையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அதே பத்திரத்தில் விதவைக்கு ஆயுள்வரை ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குவார்கள். ஜாயிஞ்சர் என்று பெயர். ‘ஜீவனாம்சம்’ என்றால் வாசகர் விவாகரத்து என்று நினைப்பார். ‘கைம்மைப்படி’ எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.