லண்டன் குடும்பம்: தோட்டக் கதை

சுதன்: (படம்) பெரியம்மா, இதென்ன? ஸ்பினாச் கீரை நடுவில் தண்டு விட்டு முழங்கால் உயரம் நிற்கிறது. இலை எல்லாம் அம்பு முனை மாதிரி. கசக்கிறது வேறு.

ரேவதி: தண்ணீர் போதாதோ?

பெரியம்மா: தண்ணீர் இல்லை பிள்ளை, வெளிச்சம். ஜூனில் இங்கே பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். 14 மணி தாண்டினாலே அது இலையை மறந்து பூக்கப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க 12 மணி நேரத்துக்குக் கிட்டத்தான் பகல், அங்கே இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை.

சுதன்: தண்டைக் கிள்ளிவிடவா?

பெரியம்மா: பக்கத்தால் இன்னொன்று வரும். பிடுங்கிக் குப்பைக் குழியில் போடு. அந்த இடத்தில் முளைக்கீரை தூவு. ஒரு வருஷம் நான் ஏப்ரலில் அவசரப்பட்டுப் போட்டேன், மண் குளிரில் ஒன்றுகூட முளைக்கவில்லை. மே கடைசி, ஜூன்தான் அதற்குச் சரி. ஐந்தாறு கிழமையில் அறுக்கலாம்.

மாமா: முதல் உறைபனி விழுந்தால் முளைக்கீரை கதை முடிந்தது. அதற்குள் தின்று முடியுங்கோ 😄

ரேவதி: அப்ப ஸ்பினாச்?

பெரியம்மா: ஓகஸ்ட் நடுவில் திரும்பப் போடு. ஒக்டோபரில் பறிக்கலாம். ஒக்டோபர் கடைசியில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் வளராமல் அப்படியே நிற்கும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதே. பெப்ரவரியில் திரும்பத் துளிர்க்கும்.

ரேவதி: என் கேல் (கோவா இனத்துக் கீரை) நாற்று இன்னும் சட்டியில்தான் 🙈

மாமா: உடனே நடு. கீழ் இலை மண்ணைத் தொடுமளவுக்குப் புதைத்து, சுற்றிக் காலால் மிதி. பிறகு ஒரு இலையைப் பிடித்து இழுத்துப் பார். இலை கிழிய வேணும், செடி அசையக் கூடாது.

சுதன்: மிதிக்கிறதா?!

மாமா: ஓம். இல்லாவிட்டால் குளிர்காலக் காற்றில் சாய்ந்துவிடும். வலையும் போடு, புறா ஒரே காலையில் ஈர்க்கு மட்டும் விட்டுவைக்கும்.

ரேவதி: எப்போது பறிப்பது?

பெரியம்மா: ஒக்டோபரிலேயே பறிக்கலாம், ஆனால் ஒரு உறைபனி விழட்டும். குளிர் பட்டால் இலையில் இனிப்பு ஏறும், வறைக்கு அதுதான் ருசி. அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஒடி, குருத்தைத் தொடாதே.

சுதன்: பிடுங்கியாச்சு. முளைக்கீரை விதை யாரிடம் இருக்கு?

பெரியம்மா: என்னிடம். ஃப்ரிட்ஜில், பழைய ஜாம் போத்தலுக்குள். ஞாயிறு வா. போன முறை கொண்டுபோன என் மண்வெட்டியையும் எடுத்து வா.