12 மிமீ தேக்கில் பெயர்ப்பலகை: அறுப்பு வலப்பக்கம் ஓடுகிறது, புள்ளி ஒடிகிறது

செதில்:

வணக்கம். வீட்டு வாசலுக்கு ‘மலர் இல்லம்’ என்று தேக்கில் பெயர் வெட்டுகிறேன். பின்பலகை கிடையாது. எழுத்துகள் அடியில் ஒரு பட்டையில் சேர்ந்து ஒரே துண்டாக நிற்க வேண்டும், சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மாட்டினால் நிழலும் விழும். பலகை 12 மிமீ கனம், எழுத்து உயரம் 80 மிமீ, மொத்த நீளம் 650 மிமீ. மெஷின் 16 இன்ச் ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவு அறுப்பது), நிமிடத்துக்கு 400 முதல் 1600 ஸ்ட்ரோக். அதோடு வந்த, முனைகளில் குறுக்கே பின் (pin) உள்ள பிளேடுதான் மாட்டியிருக்கிறது.

கோட்டில் நேராகத் தள்ளினாலும் அறுப்பு வலப்பக்கமே ஓடுகிறது. வெட்டிய எழுத்தின் மேல்முகமும் அடிமுகமும் ஒரே அளவில் இல்லை, வளைவுகளில் விளிம்பு நடுவே புடைத்தும் இருக்கிறது. ‘ல’வின் சுழியில் பிளேடு திரும்புவதில்லை, திருப்பினால் கருகுகிறது. ‘ர்’, ‘ல்’, ‘ம்’ மூன்றுக்கும் புள்ளியைச் சின்னக் கழுத்து வைத்து எழுத்தோடு இணைத்தால் உப்புத்தாள் போடும்போதே ஒடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மூலமட்டம்:

முதல்ல அந்தப் பின் பிளேடைக் கழட்டி வையுங்க. அது ஏறக்குறைய 3 மிமீ அகலம், சுழிக்குள்ள திரும்ப அதுக்கு இடமே கிடையாது. குறுக்கே இருக்கிற பின் நுழையறதுக்காக 4 மிமீ ஓட்டை வேற போடணும். பின் இல்லாத 5 இன்ச் பிளேடு வாங்குங்க. உங்க மெஷினுக்கு அதைப் பிடிக்கிற கிளாம்ப் இல்லைன்னா அடாப்டர் தனியா விக்கிறாங்க. 12 மிமீ தேக்குக்கு நம்பர் 5, ரிவர்ஸ் பல் வெச்சது சரியா இருக்கும். அகலம் சுமார் 1 மிமீ, கனம் 0.4 மிமீ. கீழ்நுனியில சில பல்லு மேல்நோக்கி இருக்கறதால அடிமுகத்துல சிம்பு கிளம்பாது. சுழிகளுக்கு மட்டும் நம்பர் 3 மாத்திக்கலாம். நகைப் பட்டறைச் சாமான் விக்கிற கடையில கிடைக்கிற 130 மிமீ பிளேடும் கிளாம்பில உக்காரும். ஆனா அதோட பல்லு ரொம்ப நெருக்கம், இந்தக் கனத்துல தூள் அடைச்சுக்கிட்டு சூடேறும். பித்தளைத் தகடு வெட்ட அதை வெச்சுக்கோங்க.

புடைப்புக்குக் காரணம் இழுவிசை போதலை. வளைவில தள்ளும்போது பிளேடு நடுவில வில்லா வளையுது, அதே வளைவு விளிம்புல பதியுது. மாட்டினதும் விரலால பக்கவாட்டுல அழுத்திப் பாருங்க, 3 மிமீக்கு மேல நகரக்கூடாது. சுண்டினா வீணைக் கம்பி மாதிரி தெளிவா ஒலிக்கணும். மந்தமா ‘டொக்’னு கேட்டா இன்னும் முறுக்குங்க.

மேல் கீழ் அளவு மாறறது மேஜை சாய்ஞ்சதால. மெஷின்ல ஒட்டியிருக்கிற டிகிரி அளவை நம்பாதீங்க. 40 மிமீ உயரக் கட்டை ஒண்ணை எடுத்து முன்பக்கம் 2 மிமீ ஆழத்துக்கு ஒரு கீறல் அறுங்க. கட்டையை மேஜை மேலேயே அரைவட்டம் சுத்தி, அதே கீறலைப் பிளேடோட முதுகுக்கு நேரா கொண்டு போங்க. முதுகு கீறலுக்குள்ள மேலிருந்து கீழ்வரை அப்படியே நுழைஞ்சா மேஜை செங்கோணத்துல இருக்கு. மேலேயோ கீழேயோ இடிச்சா மேஜையைத் திருத்தி மறுபடி அறுங்க. செங்கோணம் பாக்கிற சின்ன மூலமட்டத்தைப் பிளேடு பக்கத்துல நிறுத்தியும் பாக்கலாம், ஆனா கீறல் சோதனைல தெரியிற நுணுக்கம் அதுல தெரியாது.

வலப்பக்கம் ஓடறது கோளாறே இல்லை. பல்லை வெட்டி எடுக்கும்போது பிளேடோட ஒரு பக்கம் பிசிறு நிக்கும், பெரும்பாலும் வலப்பக்கம். அந்தப் பக்கம் அதிகமா அறுக்கும். நேரா தள்ளறதை விட்டுட்டு, கோட்டோட உங்க பக்க முனையை மூணு நாலு டிகிரி வலப்பக்கம் திருப்பி வெச்சுத் தள்ளுங்க, பிளேடு கோட்டுலயே போகும். ஒவ்வொரு பிளேடுக்கும் இந்தக் கோணம் கொஞ்சம் மாறும். வழிகாட்டிச் சட்டம் வெச்சு நேர்கோடு அறுக்க இந்த மெஷின்ல முயற்சியே பண்ணாதீங்க.

எழுத்துவெட்டி:

பிளேடு விஷயம் மேலே முழுசாக வந்துவிட்டது. அதற்கு முன்னால் அளவைப் பாருங்கள். 16 இன்ச் மெஷின் என்றால் பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் இடையே சுமார் 406 மிமீ. உங்கள் பலகை 650. ஒரு முனையில் இருக்கும் எழுத்தை வளைவாக அறுக்கும்போது மறுமுனை சுழன்று போய்த் தூணில் இடிக்கும். சுருள் பிளேடு போட்டால் பலகையைத் திருப்பாமலே எல்லாத் திசையிலும் அறுக்கலாம், ஆனால் அது ரேகையோடு வழுக்கிப் போகும், விளிம்பும் சொரசொரப்பாகும். 12 மிமீ தேக்கில் அதைச் சொல்ல மாட்டேன். ‘மலர்’ ஒரு துண்டு, ‘இல்லம்’ ஒரு துண்டு என்று பிரித்துவிடுங்கள். இரண்டும் 400 மிமீக்குள் அடங்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி எப்படியும் வரத்தான் போகிறது.

இப்போது புள்ளி. பலகையின் ரேகை நீளவாட்டில் ஓடுகிறது, எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவிலுள்ள கழுத்து செங்குத்தாக நிற்கிறது. அந்தக் கழுத்தில் நார் குறுக்கே கிடப்பதால் தொடர்ச்சியே இல்லை, ரேகையோடு பிளந்துவிடுகிறது. கழுத்தை 3 மிமீயிலிருந்து 5 மிமீ ஆக்கினாலும் கை தவறிப் பட்டால் போய்விடும், புள்ளியும் புள்ளியாகத் தெரியாமல் கொண்டை போட்ட மாதிரி ஆகிவிடும். ரேகையைச் செங்குத்தாக வைத்து வெட்டினால் புள்ளி நிற்கும், அடிப்பட்டை ஒடியும். ஆகவே கழுத்தையே விட்டுவிடுங்கள்.

புள்ளியைத் தனியாக வெட்டி 2 மிமீ பித்தளைக் கம்பியில் நிறுத்துவதுதான் சரியான வழி. எழுத்தின் மேல்விளிம்பில், 12 மிமீ கனத்தின் நட்டநடுவில், 2 மிமீ துளை 10 மிமீ ஆழத்துக்கு. புள்ளியின் அடியில் அதே துளை 6 மிமீ ஆழத்துக்கு. எழுத்துக்கும் புள்ளிக்கும் 5 மிமீ இடைவெளி வேண்டுமானால் கம்பி 21 மிமீ. இரு பக்கமும் அரால்டைட். நான்கடி தள்ளி நின்றால் கம்பி கண்ணில் படாது, புள்ளி காற்றில் நிற்பதாகத் தெரியும். புள்ளியின் விட்டம் எழுத்துக்கோட்டின் அகலத்துக்குச் சமமாகவோ ஒரு மிமீ கூடவோ இருக்கட்டும். கோடு 14 மிமீ என்றால் புள்ளி 15.

துளையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு வட்டத்தை அறுக்க வேண்டும். 15 மிமீ வட்டத்தை அறுத்த பின் துளையிடக் கையில் பிடிக்கவே முடியாது. தேக்குக் கீற்று ஒன்றின் விளிம்பில் மூன்று துளைகளையும் போட்டு, துளை நடுவில் வரும்படி வட்டம் வரைந்து அறுங்கள். கடையில் கிடைக்கும் உருளைக் கட்டையை நறுக்கிப் புள்ளியாக்குவது சுலபம்தான், ஆனால் முகத்தில் வெட்டுவாய் ரேகை, அதாவது நாரின் அறுபட்ட முனை, வரும். பாலிஷ் அதில் அதிகம் இறங்கி, புள்ளி மட்டும் கறுத்துத் தெரியும்.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். ‘ம’, ‘ல’, ‘இ’ மூன்றிலும் சுழி இருக்கிறது. மெல்லிய எழுத்துருவில் சுழிக்குள் இருக்கும் வெளி 4 மிமீகூட வராது. உள்வெளி குறைந்தது 8 மிமீ கிடைக்கும் தடித்த உருவை எடுங்கள். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, 15 மிமீ அடிப்பட்டையோடு சேர்த்து ஒரே வடிவமாக இணைத்து, 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு இருந்தால் அளவு சுருங்கிவிடும், அதை எடுத்துவிடுங்கள்.

ஈட்டிக்கட்டை:

கருகறதுக்கு: தேக்குல எண்ணெயும் இருக்கு, மணல்சத்தும் இருக்கு. மணல்சத்து பல்லை மழுக்குது, மழுங்கின பல்லு அறுக்காம தேய்க்குது, தேய்ப்புல மரம் கருகுது. மத்த மரத்துல ஓடற நேரத்துல பாதிகூட தேக்குல ஒரு பிளேடு தாங்காது. 10, 15 நிமிஷம் அறுத்ததும் தள்ள பலம் தேவைப்பட்டா உடனே மாத்திடுங்க, ஒரு டஜன் கையில இருக்கட்டும். இன்னொண்ணு, ஸ்ட்ரோக் நீளம் முக்கால் அங்குலம்தான், பிளேடோட ஒரே பகுதி தேயுது. 6 மிமீ பிளைவுட்டுல நடுவே ஓட்டை போட்டு மேஜை மேல இரட்டைப் பக்க டேப்பால ஒட்டினா பலகை உயர்ந்து, தேயாத பல்லுக்கு வேலை வரும். பாதி தேய்ஞ்ச பிளேடுக்கு மறுவாழ்வு கிடைக்கும்.

பலகையை தின்னரால துடைச்சுட்டு முழுக்க மாஸ்கிங் டேப், அது மேல ஸ்ப்ரே கம் அடிச்ச வரைபடம், அது மேல கண்ணாடி மாதிரி இருக்கிற பேக்கிங் டேப். இந்த மேல் டேப் பிளேடுக்கு வழுவழுப்பு குடுக்குது, கருகல் பெருமளவு குறையும். அடியில மாஸ்கிங் டேப் இருக்கறதால வேலை முடிஞ்சதும் எல்லாம் ஒரே உரிப்புல வந்துடும், பிசின் மரத்துல நிக்காது.

வேகத்தை 1600ல வைக்காதீங்க. நேர்ப்பகுதிக்கு 1000 பக்கம், சுழிக்கு 600, 700. மூலைல நின்னு யோசிச்சாலும் கருகும், அதனால சுழி முனைக்கு வந்ததும் பிளேடோட முதுகைக் கழிவுப் பக்கமா சாய்ச்சு ஒரே மூச்சுல திருப்பிடணும்.

உள்வெளி எல்லாம் முதல்ல, வெளிக்கோடு கடைசில. வெளிக்கோட்டை முன்னாடியே அறுத்துட்டா பிடிக்க மரம் இருக்காது, பலகை பிளேடோட துள்ளும். நுழைவுத் துளை 1.5 மிமீ, கீழே வேஸ்ட் பலகை வெச்சுப் போடுங்க, அடியில கிளம்பற பிசிறை உப்புத்தாளால தட்டிட்டு மேஜைல வையுங்க. அந்தப் பிசிறு மேல பலகை ஆடும், செங்கோணம் போயிடும். மாஸ்க் கட்டாயம். தேக்குத் தூள் பலருக்குத் தோல்லயும் மூக்குலயும் அரிப்பு குடுக்கும், ஈட்டி மரத்தூள் அதைவிட மோசம்.

சன்னரம்பம்:

புள்ளியை நிறுத்த இன்னொரு வழியும் உண்டு: எழுத்தைத் தனியாக நிற்க விடாமல் பலகைக்குள் பதித்துவிடலாம். நிழல் கிடைக்காது, ஆனால் புள்ளி, கொம்பு, துணைக்கால் என்று பிரிந்து நிற்கும் எல்லாத் துண்டுகளுக்கும் இடம் தானாகக் கிடைத்துவிடும். ‘கொ’, ‘ஜோ’ மாதிரி எழுத்துகள் வரும் பெயருக்கு இதுதான் நிம்மதி.

6 மிமீ தேக்கு கீழே, 6 மிமீ வெளிர் மரம் மேலே. வெட்பாலை நன்றாக இருக்கும், சன்னபட்ணா பொம்மைகளுக்குப் போகும் மரம், வெண்மையாகவும் நெருக்கமான ரேகையோடும் இருக்கும். மஞ்சள் வேண்டுமானால் பலா. இரண்டையும் தற்காலிகமாக ஒட்டி, மேஜையைச் சாய்த்து ஒரே அறுப்பில் வெட்டினால், மேல் துண்டு ஆப்பு வடிவில் கீழ்ப்பலகையின் குழிக்குள் இறங்கி இடைவெளியே இல்லாமல் உட்காரும். சாய்வுக்குக் கணக்கு இருக்கிறது: அறுப்பின் அகலத்தைப் பலகையின் கனத்தால் வகுத்தால் கோணத்தின் சைன் கிடைக்கும். அறுப்பு 0.5 மிமீ, கனம் 6 மிமீ என்றால் 4.8 டிகிரி. 3 மிமீ பலகையில் அதே பிளேடுக்கு 9.6 டிகிரி.

கழிவுத் துண்டில் ஒரு காசளவு வட்டம் வெட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். துண்டு பலகை மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சாய்வைக் கால் டிகிரி கூட்டுங்கள், மேலே துருத்தினால் குறையுங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சுற்றுத் திசை. நடுவில் திசை மாற்றினால் அந்த இடத்தில் ஆப்பு தலைகீழாகி இடைவெளி வாய் பிளக்கும். நுழைவுத் துளை 0.8 மிமீ, அதே சாய்வில், கோட்டின் மேலேயே ஒரு மூலையில். சுழியின் உள்வெளிக்கு முதலில் எழுத்தை முழுசாகப் பதித்து ஒட்டிக் காயவிட்டு, பிறகு தேக்குத் துண்டை மேலே வைத்து இரண்டாம் முறை அதே கோணத்தில் வெட்டிப் பதிக்க வேண்டும். இரண்டாம் முறை வெட்டும்போதும் சுற்றுத் திசை மாறக்கூடாது.

வெயிலும் மழையும் நேராக அடிக்கும் சுவருக்கு இது வேண்டாம். இரண்டு மரமும் வேறு வேறு அளவில் ஊதிச் சுருங்கும், ஓரங்களில் கீறல் விடும். போர்டிகோவுக்கு உள்ளே என்றால் தாராளமாகச் செய்யலாம்.

செதில்:

மிக்க நன்றி. வாசல் மேற்குப் பார்த்தது, சாரல் அடிக்கும், அதனால் எழுத்துவெட்டி சொன்ன பித்தளைக் கம்பி வழிதான். இரண்டு துண்டாகவே வெட்டுகிறேன். கடைசியாக ஒன்று: பூச்சு எது? மெலமைன் அடிக்கலாமா? சுழிகளுக்குள் பிரஷ் போகாதே.

ஈட்டிக்கட்டை:

மெலமைன் உள்வேலைக்குத்தான். சாரல் பட்டா வெளுத்து உரியும். வெளிவேலைக்கான பியூ (பாலியூரித்தேன்) பூச்சு வாங்குங்க. அடிக்கறதுக்கு முன்னாடி தின்னர் நனைச்ச துணியால துடைச்சு மேல் எண்ணெயை எடுத்துட்டு, அது காஞ்சதுமே முதல் கோட் போடணும், நாள் கடத்தினா எண்ணெய் திரும்ப மேல வந்துடும். முதல் கோட்டை நல்லா தண்ணியா கலக்கி, அகலமான தட்டுல ஊத்தி, துண்டை முக்கி எடுங்க. சுழிக்குள்ள எல்லாம் தானா போயிடும். தூக்கினதும் சுழிகள்ல தேங்கறதைக் காஞ்ச பிரஷ் முனையால ஒத்தி எடுங்க, விட்டா கண்ணீர் மாதிரி உறைஞ்சு நிக்கும். 320 உப்புத்தாள் லேசா, அடுத்த ரெண்டு கோட் ஸ்ப்ரே.

எழுத்துவெட்டி:

புள்ளிகளைக் கம்பியில் ஒட்டுவது பூச்சுக்குப் பிறகு. முன்னாலேயே ஒட்டினால் அந்த 5 மிமீ இடைவெளியில் பியூ தேங்கி நிற்கும். முக்கும்போது துளைகளில் பூச்சு இறங்காமல் தீக்குச்சித் துண்டு செருகி வையுங்கள், அரால்டைட் வெறும் மரத்தில்தான் பிடிக்கும். கம்பி முனைகளையும் அரத்தால் கீறிச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுங்கள்.