ஹெபடைட்டிஸ் பி அண்ணனுக்குத் தங்கிவிட்டது, எனக்குப் போய்விட்டது: விளக்கம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். அண்ணனுக்கும் எனக்கும் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொற்றியிருக்கிறது. எனக்குத் தானாகவே போய்விட்டது, அண்ணனுக்கு ஈரலிலேயே தங்கிவிட்டது. சிங்கப்பூரில் 1987ல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி வருவதற்கு முன்பே பிறந்தவர்கள் நாங்கள்.

பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடும், வளர்ந்தபின் தொற்றினால் பெரும்பாலும் போய்விடும், அது சரி. ஆனால் மரபணுவுக்கும் பங்கு உண்டாம். வைரஸ் ஈரல் செல்லுக்குள் நுழையும் கதவு என்டிசிபி என்ற புரதம் என்று 2012ல் கண்டுபிடித்தார்கள், கிழக்காசியர்கள் சிலருக்கு அந்த மரபணுவில் இருக்கும் சின்ன மாற்றம் நாள்பட்ட தொற்றிலிருந்து ஓரளவு காக்கிறது. அப்புறம் வைரஸின் துண்டுகளை நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ மரபணுக்கள். கூடப் பிறந்தவர்களுக்கே இவை வேறுபடும்.

என் கேள்வி இதுதான்: அண்ணன் மரபணுப் பரிசோதனை எடுத்தால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா? தமிழர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்களா? "என் உடம்புதான் மோசம்" என்று அவர் தன்னையே நொந்துகொள்வதைக் கேட்கத் தாங்கவில்லை. தாதியரோ ஆய்வகத்தில் வேலை செய்பவரோ இருந்தால், தமிழில் அண்ணனிடம் பத்து நிமிடம் பேச முடியுமா?